ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 1: டபிள்யூ வாங்கிட்டு வெளிய வந்துடலாமா, சி வந்தாலும் பரவால்லனு உக்காந்துடலாமா?

அரோமேட்டிக்_அவதி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சத்தம் போடாம படிச்சிட்டு போறவன் தான், இன்னைக்கு வேற வழி தெரியாம எழுதுறேன். அமெரிக்கால ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டில சோஃபமோர் (ரெண்டாவது வருஷம்), ப்ரீ-மெட், அதாவது மெட் ஸ்கூலுக்கு தயாராகுறவன். ஃபர்ஸ்ட் இயர்ல 30 கிரெடிட், ஜிபிஏ (கிரேடு சராசரி) 4க்கு 3.7, அதனால நம்மளும் ஏதோ புத்திசாலினு நெனச்சிட்டு இந்த ஃபால்ல ஆர்கோ 1, அதோட லேப், ஃபிசிக்ஸ், ஜெனடிக்ஸ், ஸ்டாட்ஸ் எல்லாத்தையும் ஒண்ணா எடுத்தேன், மொத்தம் 15 கிரெடிட். அது போக வாரத்துக்கு 6 மணி நேரம் ஹாஸ்பிடல் வாலண்டியரிங்.

ஆர்கோ ஃபர்ஸ்ட் மிட்டெர்ம் 56. சரி போகட்டும்னு விட்டேன். ரெண்டாவது மிட்டெர்ம் 43. அந்த பேப்பர வாங்கி பேக்ல போட்டவன் மூணு நாள் வெளியவே எடுக்கல. க்விஸ், ஹோம்வொர்க் மட்டும் 80 கிட்ட நிக்குது. வர்ற வெள்ளிக்கிழமை வித்ட்ரா பண்ண, அதாவது கோர்ஸ விட்டுட்டு கிரேடுக்கு பதிலா டிரான்ஸ்கிரிப்ட்ல டபிள்யூ வாங்கிக்க, கடைசி நாள், மூணாவது மிட்டெர்ம் அதுக்கு அப்புறம் தான் வருது, அதனால அத எழுதி பாத்துட்டு முடிவு பண்ணலாம்னும் முடியாது.

படிக்காம இல்லங்க, வாரத்துக்கு 15 மணி நேரம் இதுக்கு மட்டும் போகுது. சொல்யூஷன் மேனுவல் பாத்தா எல்லாம் புரியுது, எக்ஸாம் ஹால்ல வெள்ளை பேப்பர் முன்னாடி உக்காந்தா ஒண்ணும் வர மாட்டேங்குது. டபிள்யூ வாங்குனா மெட் ஸ்கூல்ல "இவன் கஷ்டம் வந்தா ஓடிடுவான்"னு நெனைப்பாங்களா? வீட்ல இன்னும் சொல்லல. அம்மா தினமும் ஃபோன்ல "கெமிஸ்ட்ரி எப்படி போகுது"னு தான் ஆரம்பிக்கிறாங்க.

லேப்கோட்_லதா:

தம்பி, மொதல்ல அந்த பேப்பர பேக்லேர்ந்து வெளிய எடு.

நான் இப்போ மெட் ஸ்கூல் செகண்ட் இயர். என் டிரான்ஸ்கிரிப்ட்ல ஒரு டபிள்யூ இருக்கு, ஃபிசிக்ஸ்ல. அப்ளை பண்றப்ப அத பத்தி தலைய பிச்சிக்கிட்டேன், இண்டர்வியூல ஒரே ஒரு இடத்துல கேட்டாங்க, "அந்த செமஸ்டர் லோடு ஜாஸ்தி, அடுத்த வருஷம் திரும்ப எடுத்து ஏ மைனஸ் வாங்குனேன்"னு சொன்னேன், அடுத்த கேள்விக்கு போயிட்டாங்க. என்னை உண்மையிலயே துரத்துனது டபிள்யூ இல்ல, வித்ட்ரா பண்ணாம வீம்புக்கு உக்காந்து ஆர்கோ 2ல வாங்குன சி மைனஸ். சேர்றதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய ப்ரீரெக்விசிட் கோர்ஸுக்கு நெறைய மெட் ஸ்கூல் சி-க்கு கீழ ஒத்துக்காது, அதனால திரும்ப எடுத்தேன். ஆனா ஆம்காஸ்ல (பெரும்பாலான மெட் ஸ்கூல் அப்ளிகேஷன் போற பொது சர்வீஸ்) பழைய கிரேடு அழியாது, ரெண்டு அட்டெம்ப்டையும் கணக்குல சேப்பாங்க. உன் காலேஜ் ரீப்ளேஸ் பண்ணி ஜிபிஏவ அழகா காட்டலாம், ஆம்காஸ் அவங்க கணக்க தனியா போடுவாங்க.

உன் நம்பர வச்சே போட்டு பாரு. மத்த சப்ஜெக்ட் எல்லாம் தள்ளி வை, 30 கிரெடிட் 3.7, ஆர்கோ லெக்சர் 3 கிரெடிட். சி வந்தா 3.55 கிட்ட வரும், டி வந்தா 3.45. டி வாங்கி திரும்ப எடுத்து ஏ மைனஸே வாங்குனாலும் 3.48 தாண்டாது. டபிள்யூ வாங்கி அடுத்து ஏ மைனஸ் வாங்குனா அப்படியே 3.7. சயின்ஸ் ஜிபிஏனு பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், மேத்ஸ் மட்டும் சேத்து தனியா ஒண்ணு பாப்பாங்க இல்ல, அதுல கிரெடிட் கம்மி, அதனால அடி இன்னும் பலமா விழும்.

ஒரு டபிள்யூ யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. செமஸ்டருக்கு ஒண்ணு ஒண்ணா நாலு இருந்தா தான் கேள்வி வரும்.

ராத்திரி_ரவுண்ட்ஸ்:

லதா சொல்றது சரி தான், ஆனா எல்லாரும் உடனே "டபிள்யூ எடு டபிள்யூ எடு"னு சொல்றது எனக்கு பிடிக்கல. 56, 43னா ஃபெயில்னு அர்த்தம் இல்ல. கிளாஸ் ஆவரேஜ் என்ன? எது எத்தனை பர்சென்ட்? கர்வ், அதாவது கிளாஸ் மார்க்க பாத்து கிரேடு ஏத்தறது, உண்டா? இத சொல்லாம நாங்க என்னத்த சொல்றது. சிலபஸ எடுத்து வெயிட்டேஜ் போடு.

இன்னொண்ணு, ஆர்கோல எல்லாருக்கும் தான் அடி விழுது. 2022ல நியூயார்க் யுனிவர்சிட்டில 350 பேர் இருந்த ஆர்கோ கிளாஸ்ல 82 பேர் பெட்டிஷன்ல கையெழுத்து போட்டு பேப்பர்லயே வந்துச்சே, அங்க செமஸ்டர் முடிஞ்சதுக்கு அப்புறமும் வித்ட்ரா பண்ணிக்க விட்டாங்க. உனக்கு அப்படி யாரும் விடப் போறதில்ல, வெள்ளிக்கிழமை தான் கணக்கு.

குட்டி_டாக்டர்_2027:

ப்ரோ ஏன் டென்ஷன், டி வந்தா கூட அடுத்த வருஷம் ரிப்பீட் பண்ணு, ஆஸ்டியோபதி ஸ்கூலுக்கு (டிஓ டிகிரி குடுக்கற மெட் ஸ்கூல்) அப்ளை பண்ணா பழைய கிரேட தூக்கிடுவாங்க, புதுசு மட்டும் தான் எண்ணுவாங்க.

ராத்திரி_ரவுண்ட்ஸ்:

குட்டி டாக்டர், அது பழைய கதை. 2017லயே நிறுத்திட்டாங்க. இப்போ அங்கயும் எல்லா அட்டெம்ப்டும் கணக்குல வரும். யாரோ சீனியர் சொன்னத அப்படியே ஒப்பிக்காத, ஒருத்தன் வாழ்க்கை.

கிரெடிட்_கணக்குப்பிள்ளை:

கெமிஸ்ட்ரி எனக்கு சுத்தமா தெரியாது, நான் ஒரு காலேஜ் ஆஃபீஸ்ல வேலை பாக்குறேன், அதனால யாரும் கேக்காத ஒண்ண கேக்குறேன். லெக்சர விட்டா லேபும் சேந்து போகுமா? போச்சுன்னா 15ல 4 போயி 11. ஃபுல் டைமுக்கு 12 வேணும். ஸ்காலர்ஷிப் ஏதாவது இருந்தா முக்காவாசி அந்த 12ல தான் தொங்கிட்டு இருக்கும். பசங்க ஜிபிஏவ நாலு டெசிமல் வரைக்கும் போட்டு பாக்குறாங்க, இந்த 11 கண்ணுலயே படாது, அப்புறம் ஜனவரில பில் வந்தப்புறம் ஓடி வராங்க.

எஃப்-1 ஸ்டூடண்ட் விசால இருக்கியா? இருந்தா இங்க கேக்காத, நேரா இண்டர்நேஷனல் ஆஃபீஸ் போ, அவங்க முன்கூட்டியே ஒத்துக்காம 12க்கு கீழ எறங்குனா ஸ்டேட்டஸே போயிடும், அப்புறம் ஆர்கோ பத்தி கவலைப்பட வேண்டியதே இருக்காது.

ஃபெடரல் எய்ட் வாங்குறவங்களுக்கு எடுத்த கிரெடிட்ல பொதுவா 67 பர்சென்ட் முடிச்சிருக்கணும். டபிள்யூ வந்தா எடுத்த கணக்குல இருக்கும், முடிச்ச கணக்குல இருக்காது. உனக்கு 45 எடுத்து 41 முடிச்ச மாதிரி வரும், 91 பர்சென்ட், அதுல பயமில்ல. பயம் அந்த 12 தான். கடைசி பாதி செமஸ்டர்ல ஆரம்பிக்கிற 1 கிரெடிட் கோர்ஸ் சில காலேஜ்ல இருக்கும், அதையும் விசாரி. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஃபைனான்ஷியல் எய்ட் ஆஃபீஸ்ல ஒரு ஈமெயில் எழுதி பதிலும் எழுத்துல வாங்கி வை, வாயால சொன்னது எதுவும் நிக்காது.

அரோமேட்டிக்_அவதி:

எல்லாருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை அண்ணா, கிரீன் கார்டு தான், எஃப்-1 இல்ல. ஆனா ஸ்டேட் ஸ்காலர்ஷிப் இருக்கு, அதுல 12னு தான் போட்டிருக்கு, சத்தியமா நான் இத யோசிக்கவே இல்ல, வயித்த கலக்குது. லேப் பத்தி நாளைக்கு கேக்குறேன்.

ரவுண்ட்ஸ் அண்ணா, சிலபஸ் பாத்தேன். மூணு மிட்டெர்ம் ஒவ்வொண்ணும் 18, ஃபைனல் 30, க்விஸ் ஹோம்வொர்க் 16. கிளாஸ் ஆவரேஜ் செகண்ட் மிட்டெர்ம்ல 58. கர்வ் கெடையாது, ஆனா சி-க்கு 60, பி மைனஸுக்கு 70னு கட்ஆஃப் போட்டிருக்காரு. கீழ சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கு, ஃபைனல் மார்க் ஜாஸ்தியா இருந்தா ரொம்ப கம்மியான மிட்டெர்முக்கு பதிலா அதையே வச்சுப்பாராம். பத்து வாரமா இந்த வரிய நான் பாக்கவே இல்ல.

ராத்திரி_ரவுண்ட்ஸ்:

பாத்தியா, அந்த ஒரு வரி தான் விஷயமே. இப்போ கணக்கு போடு. 56ல உனக்கு 10 பாயிண்ட் சேந்திருக்கு, க்விஸ்ல 12.8, மொத்தம் 23னு வை. 43 தூக்கிட்டாங்கன்னா மூணாவது மிட்டெர்ம், ஃபைனல், ஃபைனலே ரெண்டாவது தடவ, ஆக 66 பாயிண்ட் இன்னும் வெளிய இருக்கு. சி-க்கு அதுல 56 பர்சென்ட் போதும். பி மைனஸ் வேணும்னா 71 கிட்ட எடுக்கணும். அந்த வரி இல்லன்னா பி மைனஸுக்கு 82 வேண்டி இருந்திருக்கும்.

ஆக சி கைக்கு எட்டுற தூரம் தான். உனக்கு சி வேணுமாங்கறது தான் கேள்வி. மிச்சம் இருக்கற அஞ்சு வாரம் போன பத்து வாரம் மாதிரியே இருந்தா 71 வராது, அது எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும்.

லேப்கோட்_லதா:

அத கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். "சொல்யூஷன் மேனுவல் பாத்தா புரியுது"னு எழுதி இருந்த பாரு, அங்க தான் எல்லாரும் விழுவோம், நானும் விழுந்தேன். பதில படிக்கறப்ப தலை ஆட்டுறது படிப்பு இல்ல, அது டிவி பாக்கற மாதிரி.

இப்போ புக்க மூடிட்டு இதுக்கு பதில் சொல்லு: டெர்ட்-பியூட்டைல் ப்ரோமைடு, சோடியம் மெத்தாக்சைடு, என்ன வரும்?

அரோமேட்டிக்_அவதி:

மெத்தாக்சைடு ஸ்ட்ராங் நியூக்ளியோஃபைல், எலக்ட்ரானோட போயி கார்பன அடிக்கும், அதனால எஸ்என்2, ஒரே அடியில ப்ரோமின் போயி மெத்தாக்சி வரும். ஈத்தர்.

லேப்கோட்_லதா:

இது தான் 43.

திட்டல, கோச்சுக்காத, நானும் இதே பதில தான் எழுதுனேன் ஒரு காலத்துல. "ஸ்ட்ராங் நியூக்ளியோஃபைல்னா எஸ்என்2"னு ஒரு வரிய மனப்பாடம் பண்ணி வச்சிருக்க. அந்த கார்பன படமா போட்டு பாரு. ப்ரோமின் ஒரு பக்கம், மிச்ச மூணு பக்கமும் மெத்தில். எஸ்என்2ல பின்பக்கமா வந்து தான் அடிக்கணும், அங்க மூணு பேர் கதவ அடச்சிட்டு நிக்கறான், மெத்தாக்சைடு எப்படி உள்ள போகும்? ஆனா அது ஸ்ட்ராங் பேஸும் தான், அதனால வெளிய நீட்டிட்டு இருக்கற ஒரு ஹைட்ரஜன புடுங்கும், அந்த எலக்ட்ரான் டபுள் பாண்டா மாறும், ப்ரோமின் கெளம்பிடும். இது தான் ஈ2, வர்றது 2-மெத்தில்ப்ரொப்பீன். உன் மாடல் கிட்ல கட்டி பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். மாடல் கிட் வாங்குன தானே, கவராவது பிரிச்சியா?

அந்த 43 வாங்குன பேப்பர எடுத்து 12 கேள்விய வெள்ளை பேப்பர்ல, மேனுவல் பக்கமே போகாம, ஒவ்வொரு ஆரோவும் எலக்ட்ரான் எங்கேர்ந்து கெளம்பி எங்க போகுதுனு வாயால சொல்லிட்டே போடு. அடுத்த நாள் புதுசா 12. ரெண்டு நாளுக்கும் நடுவுல நல்லா ஏறுதுன்னா உக்காந்து எழுது, முறை தான் தப்பு, அத அஞ்சு வாரத்துல மாத்திடலாம். ஏறலன்னா அடித்தளத்துலயே ஓட்டை, ரெசொனன்ஸ், ஆசிட்-பேஸ்லேர்ந்து திரும்பணும், அதுக்கு அஞ்சு வாரம் பத்தாது, ஃபிசிக்ஸும் ஜெனடிக்ஸும் சேந்து கவுந்துடும். அது தான் எனக்கு பயம், ஆர்கோவ காப்பாத்த போயி மத்த மூணும் பி ஆகறது.

எம்கேட்ட (மெட் ஸ்கூல் என்ட்ரன்ஸ் எக்ஸாம்) நெனச்சு பயப்படாத. கெமிஸ்ட்ரி-ஃபிசிக்ஸ் செக்ஷன்ல ஆர்கோ 15 பர்சென்ட், பயாலஜி செக்ஷன்ல 5. ஆனா பயோகெமிஸ்ட்ரி இதுக்கு மேல தான் நிக்குது, அதனால அரைகுறையா சி வாங்கிட்டு போனா அங்க மறுபடி மாட்டுவ.

ரெண்டு_புள்ள_அப்பா:

தம்பி நான் படிச்சது வேற, இதுல கருத்து சொல்ல தகுதி இல்ல. என் மூத்த பொண்ணும் ஒரு கோர்ஸ் விட்டா, எங்ககிட்ட சொன்னது ஆறு மாசம் கழிச்சு. கோர்ஸ் விட்டதுக்கு எனக்கு கோவமே வரல. ஆறு மாசம் அவ தனியா வச்சு முழுங்கிட்டு இருந்தாளேனு தான் இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லிடுப்பா.

அரோமேட்டிக்_அவதி:

அப்டேட் போடறேன், யாராவது தேடி வந்தா உதவும்.

செவ்வாய் ராத்திரி பழைய பேப்பர்ல 12க்கு 5. கேள்விய ஏற்கனவே பாத்திருக்கேன், அப்பவும் 5. புதன் புதுசா 12, அதுல 6. லதா அக்கா சொன்ன மாதிரி ஆரோவ வாயால சொல்லிட்டே போட்டேன், ரூம்மேட் ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டான். எங்க தடுமாறுதுனு இப்போ தான் தெரிஞ்சுது, எது ஸ்ட்ராங் பேஸ், எது வீக் பேஸ்னே எனக்கு உறுதியா தெரியல, அது ரெண்டாவது சேப்டர்.

ஆஃபீஸ் அவர்ல ப்ரொஃபசர பாத்தேன், திட்டுவாருனு நெனச்சேன், பேப்பர பாத்துட்டு "முதல் எக்ஸாமுக்கு அப்புறமே வந்திருக்கணும்"னு மட்டும் சொன்னாரு. அட்வைசர்கிட்ட கேட்டதுல லேப லெக்சர் இல்லாம தனியா முடிக்கலாமாம், பத்தாவது வாரத்துக்கு மேல லெக்சர விட்டா லேபும் தானா போயிடாதாம், ஆக சரியா 12 நிக்குது. எய்ட் ஆஃபீஸ்லேர்ந்து ஸ்காலர்ஷிப்புக்கு ஒண்ணும் ஆகாதுனு ஈமெயில் வந்துச்சு, பிடிஎஃப்பா எடுத்து வச்சுட்டேன் அண்ணா. டிரான்ஸ்கிரிப்ட்ல வெறும் டபிள்யூ தான் விழும்னும் கேட்டுக்கிட்டேன்.

வியாழக்கிழமை ஃபார்ம் போட்டுட்டேன். ஸ்பிரிங்ல ஆர்கோ 1 ஒரே ஒரு செக்ஷன் காலைல 8 மணிக்கு இருக்கு, அதுல சேரப் போறேன், ஆர்கோ 2 சம்மர். எம்கேட் ஒரு வருஷம் தள்ளி போகும் போல, பாப்போம்.

அம்மாகிட்ட நேத்து சொன்னேன். ரெண்டு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் "சாப்ட்டியா"னு கேட்டாங்க.

லேப்கோட்_லதா:

சூப்பர் தம்பி. இப்போலேர்ந்து ஜனவரி வரைக்கும் ரெண்டாவது சேப்டர் மட்டும் பண்ணு, தினமும் அரை மணி நேரம், அதுக்கு மேல வேண்டாம், ஃபிசிக்ஸ பாரு. மாடல் கிட்ட ஜூனியர் யாருக்கும் தூக்கி குடுத்துடாத, ஸ்பிரிங்ல வேணும்.