10க்கு 12 அறையில் மரவேலைக் கூடம்: முதலில் எதை வாங்க?

பாளை_புதியவன்:
பாளையங்கோட்டையில வீட்டுக்குப் பின்னால 10க்கு 12 அடி அறை காலியா இருக்கு. ஓட்டுக்கூரை, மேற்கே ஜன்னல், கிழக்கே வாசல். ஸ்டூல், புத்தக அலமாரி, சின்ன மேசை செய்யணும். கையில 40,000 ரூபாய். முதல்ல டேபிள் சா (மேசையில பதிச்ச ரம்ப மெஷின்) வாங்கலாமா? வேப்பம் பலகை மலிவா கிடைக்கு, அது தோதுப்படுமா அண்ணாச்சி?

இழைப்புளி:
டேபிள் சா இப்ப வேண்டாம் தம்பி. எட்டடிப் பலகையை நீளவாக்கில அறுக்க பிளேடுக்கு முன்னால எட்டடி, பின்னால எட்டடி வேணும். உங்க அறையே 12 அடிதான்.

பணத்தை முதல்ல மரம் வச்சு வேலை செய்யுற பெஞ்சில போடுங்க. மேல்பலகை 5க்கு 2 அடி, கனம் 3 அங்குலம். கால் 4க்கு 4 அங்குலம், குறுக்குச் சட்டம் 4க்கு 2 அங்குலம். கழிவு சேர்த்து அஞ்சரை கன அடி மரம் ஆகும். நிமிர்ந்து நின்னு கையைத் தொங்கவிட்டா மணிக்கட்டு மடிப்பு எங்க வருதோ அதுதான் பெஞ்சு உயரம். அதுக்கு மேல போனா உடம்பு எடை இழைப்புளி மேல இறங்காது, தோள்தான் கடுக்கும். காலையும் சட்டத்தையும் கழுந்து வச்சு, அதாவது சட்டத்தோட முனையைச் செதுக்கிக் காலில போட்ட துளைக்குள்ள இறக்குங்க. ஆணி அடிச்ச பெஞ்சு ஆடும், உளியில விழுற அடி பாதி அந்த ஆட்டத்திலேயே போயிரும்.

உளி கால் அங்குலம், அரை, முக்கால், ஒரு அங்குல அகலத்தில இருந்தா போதும். புது உளி தீட்டாமத்தான் வரும். தட்டைக் கண்ணாடி மேல 400, 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் ஒட்டி, முதல்ல பின்பக்கத்தை நுனியிலிருந்து ஒரு அங்குலம் மட்டமாக்குங்க. அப்புறம் வெட்டுற வாயை 25 பாகைச் சரிவில தீட்டுங்க, நுனி மட்டும் 30. மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதிங்க: ஒரு கோடு போட்டு, மட்டத்தைப் புரட்டி வச்சு அதே இடத்தில இன்னொரு கோடு. ரெண்டும் விலகினா வாங்காதீங்க. பலகையை இறுக்கிப் பிடிக்க 24 அங்குலக் கிளாம்ப் குறைஞ்சது நாலு வேணும்.

மேலக்காற்று:
வேம்பு நல்ல மரம், கரையான் லேசில அண்டாது. ஆனா பச்சையா இருந்தா முறுக்கும். அறுத்த அன்னைக்கே ரெண்டு முனையிலயும் பெயிண்ட் அடிங்க. ஈரம் முனை வழியாத்தான் வேகமா ஓடும், வெடிப்பும் அங்கதான் தொடங்கும். ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் குறுக்க வச்சு நிழல்ல அடுக்குங்க. ஆனி, ஆடியில மேற்கேயிருந்து வீசுற நம்ம ஊர் மேலக்காத்து நேரா பட்டா வெளித்தோல் காஞ்சு உள்ளே ஈரம் நிக்கும், பலகை கீறிரும். அதனால காத்துப் பக்கம் சாக்குத் தொங்கவிடுங்க. வாரம் ஒரு தடவை ஒரே பலகையை நிறுத்துப் பாருங்க. எடை இறங்குறது நின்னா வேலைக்கு ஆச்சு.

அலமாரிக் கதவுப் பலகையைச் சட்டத்தோட காடிக்குள்ள (பள்ளத்துக்குள்ள) பசை போட்டு ஒட்டாம விடுங்க. ஐப்பசி மழையில அகலம் கூடும். ஒட்டினா சட்டம் பிளக்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் கிழக்குச் சுவர்ல மாட்டுங்க, காத்தோட போக்கிலேயே தூசி வெளியேறும். வார்னிஷ் அடிக்கும்போது காத்தில வர்ற தூசி ஒட்டாம இருக்க மேற்கு ஜன்னல் சாத்தியிருக்கணும்.

பாளை_புதியவன்:
மார்பிள் கட்டர்ல மர பிளேடு மாட்டி அறுக்கலாமா?

இழைப்புளி:
மாட்டாதீங்க. அதோட வேகம் நிமிஷத்துக்கு 12,000 சுத்துக்கு மேல. பல மர பிளேடு அந்த வேகத்துக்கு ஆனதில்லை. மரம் பிளேடைக் கவ்வினா மெஷின் கைமேல திரும்பும். 7 அங்குல சர்குலர் சா (கையில பிடிச்சு ஓட்டுற வட்ட ரம்பம்) வாங்கி, நேரான சட்டம் ஒண்ணைக் கிளாம்ப் பண்ணி அதை ஒட்டி ஓட்டுங்க. அதுக்கு 16 ஆம்பியர் பாயிண்ட், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், எர்த், 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச்) வேணும். மெலிசான எக்ஸ்டென்ஷன் ஒயர்ல ஓட்டினா வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடேறும்.