பிராட்பேண்ட் நிறுவனத்தை மாற்றினால் பழைய மெயில் ஐடி என்ன ஆகும்?

ஓலைச்சுவடி:

நண்பர்களே, வீட்டு பிராட்பேண்டை வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம் என்று இருக்கிறோம். இப்போதுள்ள நிறுவனம் இணைப்பு கொடுத்தபோதே ஒரு மெயில் ஐடியும் கொடுத்தது, அப்பா அன்றிலிருந்து அதைத்தான் எல்லா இடத்திலும் கொடுத்து வருகிறார். வங்கி, காப்பீடு, வரிக் கணக்கு, கூட வேலை பார்த்தவர்களின் கடிதங்கள், சித்தப்பா அனுப்பிய குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான். ஐடி போய்விடும் என்றால் இணைப்பை மாற்றவே வேண்டாம் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் இந்த வேகத்தில் யாராலும் வேலை செய்ய முடியவில்லை.

செல்போன் நம்பரை வைத்துக்கொண்டே நிறுவனத்தை மட்டும் மாற்றுகிறோம் இல்லையா, அதுபோல மெயில் ஐடியையும் எடுத்துக்கொண்டு போக வழி உண்டா? இல்லையென்றால் பழைய மெயில்களையாவது எப்படிக் காப்பாற்றுவது? கணினியில் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் படிக்கிறார், போனிலும் வருகிறது.

தபால்பெட்டி:

நம்பரைப் போல எடுத்துக்கொண்டு போக முடியாது. ஒரு நம்பர் இப்போது எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்று எல்லா போன் நிறுவனங்களும் பார்த்துக்கொள்ள ஒரு பொதுப் பதிவு இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் அழைப்பு போகிறது. மெயிலுக்கு அப்படி எதுவும் இல்லை. அனுப்பும் சர்வர், அட் குறிக்குப் பின்னால் இருக்கும் டொமைனை மட்டும் பார்க்கும், அந்த டொமைனின் எம்எக்ஸ் பதிவு எந்த சர்வரைக் காட்டுகிறதோ அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிடும். அந்த டொமைன் பழைய நிறுவனத்தின் சொத்து. புதிய நிறுவனம் எவ்வளவு நல்ல மனதோடு இருந்தாலும் அதில் கை வைக்க முடியாது.

ஆனால் இணைப்பை நிறுத்திய அன்றே ஐடி செத்துவிடும் என்றும் இல்லை, இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் கொஞ்ச காலம் விட்டுவைப்பார்கள், சிலர் மெயிலுக்கு மட்டும் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு தொடர விடுவார்கள், சிலர் உடனே மூடிவிடுவார்கள். பிரான்ஸில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் 6 மாதம் இலவசமாக மெயிலைத் திறக்க விட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அமெரிக்காவில் வெரைசன் என்ற இணைப்பு நிறுவனம் 2017இல் மெயில் சேவையை விட்டபோது, விரும்பியவர்கள் அதே ஐடியை ஏஓஎல் என்ற மெயில் சேவை வழியாக வைத்துக்கொள்ள முடிந்தது. உங்கள் நிறுவனம் என்ன செய்யும் என்பதை வாடிக்கையாளர் சேவையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், போனில் ஒருவர் "ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்வதை நம்பி ரத்து செய்யாதீர்கள்.

அப்படியே தொடர விட்டாலும் ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மெயில் உள்ளே வரும், வெளியே போகாது. சில நிறுவனங்களின் அனுப்பும் சர்வர், தங்கள் இணைப்பிலிருந்து வந்தால் மட்டும் பாஸ்வேர்டு கேட்காமல் ஏற்றுக்கொள்ளும்படி இருக்கும். வேறு இணைப்புக்குப் போனதும் மறுத்துவிடும். அப்போது தண்டர்பேர்டில் அனுப்பும் சர்வரின் போர்ட் (இணைப்பு வாசல் எண்) 25 என்று இருந்தால் 587 அல்லது 465 ஆக மாற்றி, பயனர் பெயர், பாஸ்வேர்டு இரண்டும் கொடுக்க வேண்டும்.

மழைக்குருவி:

மெயில்களைக் காப்பாற்றுவது பற்றி மட்டும் சொல்கிறேன். முதலில் தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளைத் திறந்து சர்வர் வகை ஐமேப் (IMAP) என்று இருக்கிறதா, பாப் (POP) என்று இருக்கிறதா என்று பாருங்கள், சர்வரிலிருந்து மெயிலை எடுக்கும் இரண்டு முறைகள் இவை. எல்லாமே இதில்தான் இருக்கிறது.

பாப் என்றால் மெயில்கள் பெரும்பாலும் கணினிக்கே இறங்கியிருக்கும். ஐமேப் என்றால் அசல் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது, நீங்கள் திரையில் பார்ப்பது அதன் பிரதி. அங்கே கணக்கை மூடினால் இங்கேயும் காணாமல் போகலாம். போனிலும் இதே கதைதான். "போனில் எல்லாம் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருந்தவர்கள் கணக்கு மூடிய பிறகு தவித்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஐமேப் என்று வைத்துக்கொண்டால், அப்பாவுக்குப் புதிய மெயில் கணக்கு ஒன்று தொடங்கி, அதையும் ஐமேப்பாக அதே தண்டர்பேர்டில் சேர்த்துவிடுங்கள். இடது பக்கம் இரண்டு கணக்குகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். பழையதிலிருந்து மெயில்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து புதியதற்கு நகல் எடுங்கள். நகர்த்த வேண்டாம், நகல்தான், நடுவில் இணைப்பு அறுந்தாலும் அசல் அப்படியே இருக்கும். தேதியும் அனுப்பியவர் பெயரும் மாறாது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் இழுத்தால் பாதியில் நின்றுவிடும், ஆகவே ஆண்டுவாரியாகப் பிரித்துச் செய்யுங்கள். அனுப்பிய மெயில்கள் தனிக் கோப்புறையில் இருக்கும், அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அப்பா எழுதிய பதில்கள் அத்தனையும் அதில்தானே இருக்கும்!

இன்னொரு நகலை தண்டர்பேர்டின் உள்ளூர் கோப்புறைகளிலும் போட்டு வையுங்கள். போட்ட பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு, சித்தப்பா படம் அனுப்பிய மெயில் ஒன்றைத் திறந்து பாருங்கள். படம் முழுதாகத் திறந்தால் சரி. தலைப்பு மட்டும் தெரிந்து உள்ளே வெறுமையாக இருந்தால் மெயில் இன்னும் இறங்கவில்லை.

அப்புறம், முகவரிப் புத்தகம். நிறுவனத்தின் வெப்மெயிலில் (பிரவுசரில் திறக்கும் மெயில் பக்கம்) அவர் சேர்த்த தொடர்புகள் தண்டர்பேர்டுக்குத் தானாக வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வெப்மெயிலில் நுழைந்து அவற்றைத் தனியாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

கோட்டோவியன்:

மெயிலைக் காப்பாற்றுவது பாதி வேலைதான், அதைவிட அவசரம் லாகின்கள். எத்தனை இடத்தில் இந்த ஐடிதான் பயனர் பெயராகவே இருக்கிறது என்று அப்பாவுக்கே நினைவிருக்காது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு பட்டியலைத் திறந்து பாருங்கள், இன்பாக்ஸில் "பாஸ்வேர்டு", "சரிபார்ப்பு", "ரசீது" என்றெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள், முக்கால்வாசி கிடைத்துவிடும். வங்கி, வரி, காப்பீடு முதலில். கடைகளின் விளம்பர மெயில்களை விட்டுவிடுங்கள், அவை அத்தோடு ஒழியட்டும்.

பல தளங்களில் மெயில் ஐடியை மாற்றும்போது உறுதிப்படுத்தும் இணைப்பையோ ஓடிபியையோ பழைய ஐடிக்குத்தான் அனுப்புவார்கள். பழையது மூடிய பிறகு மாற்றப் போனால் அடையாள ஆவணங்களோடு அலைய வேண்டும். ஆகவே பழைய இணைப்பு உயிரோடு இருக்கும்போதே மாற்றுங்கள், முடிந்தால் இரண்டு இணைப்புகளும் சில வாரம் சேர்ந்து ஓடட்டும். ஒரு மாதக் கூடுதல் கட்டணம் இந்தத் தலைவலிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

புதிய கணக்கின் மீட்பு முகவரியாகப் பழைய ஐடியைக் கொடுத்துவிடவும் வேண்டாம். 2013இல் யாஹூ நெடுநாள் திறக்காத ஐடிகளை எடுத்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தது, புதிதாக வாங்கியவர்களில் சிலருக்குப் பழைய ஆளின் சொந்த மெயில்கள் வந்து சேர்ந்தன. உங்கள் நிறுவனம் அப்படிச் செய்யுமா செய்யாதா என்று ஊகித்துக்கொண்டு இருக்க வேண்டாம், பழைய ஐடியை எந்தக் கணக்கின் சாவியாகவும் விட்டுவைக்காமல் இருந்தாலே போதும்.

தபால்பெட்டி:

கோட்டோவியன் சொல்வது சரி. இன்னும் ஒன்று, இனி இந்தப் பிரச்சினையே வராமல் இருக்க வேண்டும் என்றால் சொந்தமாக ஒரு டொமைன் பதிவு செய்துகொள்ளுங்கள். குடும்பப் பெயரிலேயே வைக்கலாம். மெயிலை எந்த நிறுவனத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம், நாளைக்குப் பிடிக்கவில்லை என்றால் எம்எக்ஸ் பதிவை வேறு பக்கம் திருப்பிவிட்டால் போதும், ஐடி மாறாது. நான் எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன்.

மழைக்குருவி:

எல்லோருக்கும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சலுகைக் காலம் போன பிறகு அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், வாங்கியவருக்கு அப்பாவின் வங்கியிலிருந்து பாஸ்வேர்டு மாற்றும் மெயில்கூட போகும். வீட்டில் இதைக் கவனிக்க ஒருவர் இருந்தால் டொமைன் அருமையான யோசனை. இல்லாவிட்டால் இணைய இணைப்போடு சம்பந்தமே இல்லாத ஒரு பெரிய மெயில் சேவையில் கணக்கு தொடங்கி, இரட்டைச் சரிபார்ப்பு போட்டு, போன் தொலைந்தாலும் உள்ளே நுழைய உதவும் அவசரக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைப்பதே பாதுகாப்பு.

தபால்பெட்டி:

நியாயமான கேள்வி. டாட் காம் போன்றவற்றை ஒரே தடவையில் 10 ஆண்டு வரைக்கும் பதிவு செய்துகொள்ளலாம், தானியங்கிப் புதுப்பிப்பும் உண்டு. ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது உண்மைதான், அதை மறுக்க மாட்டேன்.

ஓலைச்சுவடி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சர்வர் வகை பார்த்தேன், ஐமேப்தான். மழைக்குருவி சொன்னது போல முதலில் அனுப்பிய மெயில்களை நகல் எடுக்க ஆரம்பித்துவிட்டேன், அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வருவதால் மெதுவாகத்தான் போகிறது, போகட்டும். டொமைனை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். ஒரு சந்தேகம்: அவருடைய நண்பர்களுக்குப் புதிய ஐடியை எங்கிருந்து தெரிவிப்பது, பழையதிலிருந்தா புதியதிலிருந்தா?

கோட்டோவியன்:

பழையதிலிருந்துதான். அறிமுகமில்லாத ஐடியிலிருந்து "நான்தான், ஐடி மாறிவிட்டது" என்று மெயில் வந்தால் அது மோசடியாக இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டிய காலம் இது. பழைய ஐடியிலிருந்து அனுப்பி, பதிலைப் புதியதற்கு எழுதச் சொல்லுங்கள், நெருங்கியவர்களுக்கு ஒரு போனும் போட்டுவிடுங்கள். பழையது மூடும் நாள் வரை வரும் மெயில்கள் தானாகப் புதியதற்குப் போகும்படி ஃபார்வர்டு வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்வர்டு ஆகி வருபவை சில சமயம் ஸ்பேமில் விழும், ஏனென்றால் அனுப்பியவரின் டொமைன் அனுமதித்த சர்வர்களின் பட்டியலில் உங்கள் பழைய நிறுவனத்தின் சர்வர் இருக்காது. அதனால் தினமும் ஸ்பேம் கோப்புறையையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். அப்படி வரும் ஒவ்வொரு மெயிலும் யாருக்கு இன்னும் சொல்லவில்லை, எந்தத் தளத்தில் இன்னும் மாற்றவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும்.