முதுகுத் தசை இ.எம்.ஜி. அறிக்கை: கடத்தல் இயல்பு, ஆனால் வேர் பாதிப்பா?

குலசேகரம் வாசகர்:
ரப்பர் பால்வெட்டும் என் அப்பாவுக்கு இரண்டு மாதமாக இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரை வலி இறங்குகிறது. படியேறும்போது முன்பாதம் தட்டுகிறது. நாகர்கோவிலில் எடுத்த இ.எம்.ஜி. (தசையில் ஊசி செருகி அதன் மின் அலைகளைப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் உணர்வு நரம்புக் கடத்தல் (நரம்பு வழியே மின் அலை செல்லும் அளவு) இயல்பு என்று எழுதிவிட்டு, முதுகெலும்பை ஒட்டிய தசைகளிலும் முன்கணுக்கால் தசையிலும் ஃபிப்ரிலேஷன் (நரம்புத் தொடர்பு இழந்த தசை தானாக எழுப்பும் சிறு மின் அலை) இருப்பதால் எல்-5 வேர் (இடுப்புப் பகுதியின் ஐந்தாவது நரம்பு வேர்) பாதிப்பு என முடித்திருக்கிறார்கள். இது முரண்பாடு இல்லையா?

தக்கலை, நரம்பியல் சோதனைக்கூடப் பணியாளர்:
முரண்பாடு இல்லை. உணர்வு நரம்பின் செல்கள் வேருக்கு வெளிப்புறத்தில் உள்ள முடிச்சில் இருக்கின்றன; டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) பெரும்பாலும் அதற்கு உட்புறமாக வேரை அழுத்துவதால், காலில் மரமரப்பு இருந்தாலும் அங்கே எடுக்கும் உணர்வு அலை குறைவதில்லை. முதுகுத் தசைகளுக்குப் போகும் கிளை வேர் வெளியே வந்தவுடன் பிரிகிறது. எனவே அங்கே ஃபிப்ரிலேஷன் தென்பட்டால், பழுது அந்தப் பிரிவிலோ அதற்கு மேலேயோ இருக்கிறது என்று பொருள். பால்வெட்டுபவர்கள் தாழ்ந்த பட்டையில் வெட்டும்போது வெகுநேரம் குந்தியிருப்பதால், முழங்காலுக்கு வெளிப்புறம் நரம்பு நசுங்கியும் முன்பாதம் தொங்கலாம். அப்படியானால் முதுகுத் தசை அமைதியாகவே இருக்கும். அதனால்தான் இடுப்புப் பக்கத்து குளூட்டியஸ் மீடியஸ் தசையையும் (இதுவும் எல்-5 வேரைச் சேர்ந்தது, ஆனால் இதன் நரம்பு முழங்கால் வழியே போவதில்லை) ஊசியால் பார்த்தார்களா என்று அறிக்கையில் தேடிப் பாருங்கள்.

மார்த்தாண்டம், பிசியோதெரபிஸ்ட்:
ஒரு எச்சரிக்கை. முதுகுத் தசைகளுக்குப் பல வேர்களிலிருந்தும் இழைகள் கலந்து வருவதால், எந்த வேர் என்பதை அவற்றை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. அதைக் கால் தசைகளே காட்டும். முன்பு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலும், நெடுநாள் சர்க்கரை நோய் இருந்தாலும் இதே அலைகள் வரலாம்.

குலசேகரம் வாசகர்:
அறுவை சிகிச்சை இல்லை, சர்க்கரை உண்டு. குளூட்டியஸ் மீடியஸிலும் ஃபிப்ரிலேஷன் என்றே எழுதியிருக்கிறது. வலி தொடங்கிய வாரமே வேறோரிடத்தில் எடுத்தபோது எல்லாம் இயல்பு என்றார்களே?

தக்கலை, நரம்பியல் சோதனைக்கூடப் பணியாளர்:
அப்படியானால் முழங்கால் நசுங்கல் என்ற ஐயம் பெரும்பாலும் நீங்குகிறது. முதல் வாரத்தில் ஊசி இ.எம்.ஜி. எடுப்பதில் இந்தச் சிக்கல் உண்டு: முதுகுத் தசையில் ஃபிப்ரிலேஷன் தோன்ற ஏழு முதல் பத்து நாளும், கால் தசைகளில் இரண்டு மூன்று வாரமும் ஆகும். ஆகவே முதல் அறிக்கையைத் தவறென்று சொல்ல வேண்டியதில்லை. இப்போதைய அறிக்கையை எம்.ஆர்.ஐ. படத்தோடு சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள், தம்பி. பாதத் தளர்ச்சி கூடினால் உடனே காட்ட வேண்டும். சிறுநீர் தடைபட்டாலோ ஆசனவாயைச் சுற்றி உணர்வு குறைந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.