அவுட்போர்டு எஞ்சினில் விடாமல் அலாரம்

கேள்வி: மிச்சிகன் ஏரியில் ஓட்டுகிறேன். 17 அடிப் படகு, பழைய அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்). பாசி மண்டிய இடத்தைத் தாண்டியதும் விடாமல் பீப் அடிக்கிறது, வேகமும் தானாகக் குறைகிறது. மெதுவாக ஓட்டியே கரை சேரலாமா?

பதில்: வேண்டாம், நிறுத்துங்கள். சூடேறினாலும் ஆயில் குறைந்தாலும் இப்படித்தான் கத்தும். எஞ்சினைத் தூக்கி, கீழே நீர் உறிஞ்சும் சல்லடையைப் பாருங்கள். எஞ்சினைக் குளிர்வித்துப் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் நூலாக வந்தால் அந்தத் துளையில் மீன்பிடி நரம்பை விட்டுக் குத்துங்கள். அப்புறமும் வரவில்லையென்றால் இம்பெல்லரின் (தண்ணீரை இழுக்கும் பம்பின் சக்கரம்) ரப்பர் இதழ் போயிருக்கலாம்.

கேட்டவர்: சல்லடையில் கை நிறையப் பாசி! ஆயில் சரியாக இருக்கிறது.

இன்னொரு பதில்: அது சரி, கில் சுவிட்ச் கயிறு (ஓட்டுபவர் விழுந்தால் இழுபட்டு எஞ்சினை நிறுத்துவது) மாட்டுகிறீர்களா? அமெரிக்காவில், இந்தச் சுவிட்ச் உள்ள 26 அடிக்குக் குறைவான படகுகளில், வேகமாகப் போகும்போது 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயம். லைஃப் ஜாக்கெட்டில் மாட்டுங்கள். ஸ்டீயரிங்கில் சுற்றி வைப்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.