ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண்களை நம்பித்தான் இவ்வளவு பெரிய சந்தையா?

இரவுக்கழுகு:
கையில் வாட்ச், விரலில் ஸ்மார்ட் மோதிரம், ரெண்டையும் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். காலையில் எழுந்து பார்த்தால் ஆழ்ந்த தூக்கம் 1 மணி 40 நிமிடம் என்கிறது ஒன்று, 50 நிமிடம்தான் என்கிறது மற்றது. தூங்கியது என்னவோ ஒரே ஆள்தான். எதை வாங்கலாம் என்று கேட்க வரவில்லை. எண்கள் இந்த லட்சணத்தில் இருக்கும்போது இந்தத் துறை எப்படி இப்படி வளர்கிறது? மருத்துவத்துக்கு உண்மையிலேயே உதவுகிறதா, இல்லை எல்லாம் விளம்பரம்தானா? உள்ளே இருப்பவர்கள் யாராவது விளக்குங்களேன்.

சிக்னல்காரன்:
இந்தக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. வாட்சைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள், பச்சை விளக்கு மின்னும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வரும் ஒளி கூடிக் குறையும், அதை எண்ணினால் இதயத்துடிப்பு. தூக்கத்துக்காக நேரடியாக அளப்பது முக்கியமாக இதுவும் கை அசைவும்தான், மோதிரங்களிலும் சில வாட்சுகளிலும் தோல் வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆழ்ந்த தூக்கத்தை உறுதியாகச் சொல்ல மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ய வேண்டும், மணிக்கட்டில் மூளை இல்லையே! அதனால் துடிப்பையும் அசைவையும் வைத்து ஊகிக்கிறோம், ஒவ்வொரு நிறுவனத்தின் ஊகமும் வேறு, உங்கள் 50 நிமிட வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

கலோரி இதைவிட மோசம். 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆறில் இதயத்துடிப்பின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது, ஆனால் கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது. திரையில் ரெண்டும் ஒரே எழுத்தளவில், ஒரே தோரணையில்தான் வரும், அதுதான் எனக்குப் பிடிக்காதது.

மருந்துச்சோதனை:
மேலே சொன்னது சரி. ஆனால் அதோடு முடித்துவிட்டால் பாதிதான். நான் மருந்து ஆய்வுப் பக்கம் இருக்கிறேன், இங்கே யாரும் தூக்க மதிப்பெண் கேட்பதில்லை. டுஷேன் தசைச்சிதைவு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கக் குழந்தையை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் 6 நிமிடம் நடக்கவிட்டுத் தூரம் அளப்பார்கள். அன்று அவனுக்கு மூட் இல்லை என்றால் அளவு போச்சு. இப்போது கணுக்காலில் ஒரு கருவியைக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் எடுத்துவைக்கும் அடிகளில் மிக வேகமான 5 சதவீதம் எந்த வேகத்தைத் தொடுகிறது என்று பார்க்கலாம். ஐரோப்பிய மருந்து முகமை 2019-ல் இதைத் துணை அளவீடாகவும், 2023-ல் மருந்து வேலை செய்கிறதா என்று முடிவு செய்யும் முதன்மை அளவீடாகவும் ஏற்றது. வளர்ச்சியில் உருப்படியான பகுதி இதுதான் என்பேன், விளம்பரத்தில் வராது.

வாட்ச் விஷயத்திலும் ஒன்று சொல்லலாம். ஆப்பிள் நிதியில் ஸ்டான்ஃபோர்ட் நடத்திய இதய ஆய்வில் சுமார் 4,19,000 பேர், முடிவு 2019-ல் வந்தது. சீரற்ற துடிப்பு என்று எச்சரிக்கை போனது 0.52 சதவீதம் பேருக்கு. அவர்களில் இதயத்துடிப்பைப் பதிவு செய்ய மார்பில் ஒட்டும் பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினருக்கு அந்தப் பட்டையிலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது) தெரிந்தது. அது வந்து வந்து போகும் கோளாறு என்பதால் மீதிப் பேருக்கு வந்த எச்சரிக்கை எல்லாம் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. டாக்டரைப் பார்க்கச் சொல்லும் ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான்.

சந்தாஎதிரி:
காசு எங்கே என்று யாரும் சொல்லவில்லையே. கருவியை ஒரு தடவைதான் விற்க முடியும், சந்தா மாதாமாதம் வரும். ஹூப் என்ற கைப்பட்டையைச் சந்தாவோடுதான் தருகிறார்கள், ஊரா மோதிரத்தில் சந்தா கட்டாவிட்டால் பாதி விவரம் திறக்காது. நம்முடைய அளவை நமக்கே வாடகைக்கு விடுகிறார்கள்.

அப்புறம் தரவு. இந்தக் கருவிகளைச் செய்யும் ஃபிட்பிட் நிறுவனத்தை 210 கோடி டாலருக்கு வாங்குவதாக கூகுள் 2019-ல் அறிவித்தது; ஐரோப்பியப் பயனர்களின் உடல்நலத் தரவை 10 ஆண்டுகளுக்கு கூகுள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் ஐரோப்பிய ஆணையம் 2020-ல் அதை அனுமதித்தது. சும்மாவா போடுவார்கள்?

இரவுக்கழுகு:
நன்றி, நிறையவே தெளிந்தது. இன்னும் ஒன்று. ஊசி குத்தாமலே வாட்சில் சர்க்கரை அளவு பார்க்கலாம் என்று ஒரு விளம்பரம் துரத்துகிறது. சர்க்கரை நோய் உள்ள உறவினர் ஒருவர் வாங்கத் துடிக்கிறார்.

சிக்னல்காரன்:
தடுத்துவிடுங்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. அனுமதி பெற்ற சர்க்கரை சென்சார்களில் மெல்லிய இழை ஒன்று தோலுக்கு அடியில் போகும், வாட்ச் அதன் அளவைத் திரையில் காட்டும், அவ்வளவே. அதிலும் டெக்ஸ்காம் ஸ்டெலோ மாதிரி மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க அனுமதித்தவை இன்சுலின் எடுக்காதவர்களுக்குத்தான். உங்கள் உறவினர் இன்சுலின் எடுப்பவரா என்று முதலில் கேளுங்கள், எடுப்பவர் என்றால் எந்த சென்சார் என்பதை அவருடைய டாக்டர் சொல்லட்டும்.