பூக்கெட்டில் கரையிறங்கும் நாளில் எந்தக் கடிகாரத்தைப் பின்பற்றுவது?

சுங்கை சிப்புட் வாசகி:
பள்ளி விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, பினாங்கில் புறப்பட்டு பூக்கெட், லங்காவி சென்று திரும்பும் உல்லாசக் கப்பலில் போகவிருக்கிறோம். பூக்கெட்டில் இறங்குபவர்கள் மாலை 5 மணிக்குள் கப்பலேறிவிட வேண்டும் என்று பயண அட்டவணை சொல்கிறது. தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி பின்தங்கியது; அப்படியானால் அந்த 5 மணி யாருடைய 5 மணி? அம்மா நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் அந்தக் கவலையும் இருக்கிறது.

கிள்ளான் பயணி:
தங்கச்சி, அது கப்பலின் 5 மணி. கப்பலில் எந்த நேரம் நடப்பது என்பதை முடிவு செய்பவர் கேப்டன். சில கப்பல்கள் முந்தைய இரவே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்து உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். சில, புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தையே கடைசிவரை வைத்துக்கொள்ளும். அறைக்கு வரும் அன்றாட நிகழ்ச்சித் தாளிலோ கப்பலின் செயலியிலோ அது குறிப்பிடப்பட்டிருக்கும். தோட்டத்தில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) கிராணியின், அதாவது எழுத்தரின், கடிகாரம் மட்டுமே செல்லுபடியானதைப் போலத்தான் இதுவும்.

ஆபத்து கைப்பேசியில் இருக்கிறது. கப்பல் மலேசிய நேரத்தில் நிற்க, உங்கள் கைப்பேசி கரையில் தாய்லாந்து அலைவரிசையைப் பிடித்துத் தானாகவே மாறிவிட்டால், அது 4 மணி என்று காட்டும்போது கப்பலில் 5 ஆகியிருக்கும். ஆகவே தானியங்கி நேர அமைப்பை அணைத்துவிட்டு, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பிக் கட்டிக்கொள்ளுங்கள். வேன் ஓட்டுநரிடம் மட்டும் தாய்லாந்து நேரத்தில் பேசுங்கள், "கப்பல் 3.30, வேன் 2.30" என்று நிகழ்ச்சித் தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

தெலுக் இந்தான் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மேலே சொன்னது சரி. பூக்கெட்டைப் பொறுத்தவரை மலேசிய நேரத்திலேயே ஓடும் கைக்கடிகாரம் உங்களைத் தாமதப்படுத்தாது. கப்பல் நேரத்தை மாற்றாவிட்டால் அது பொருந்தும், மாற்றினால் நீங்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து சேருவீர்கள். ஆனால் நம்மைவிட ஒரு மணி முந்திய ஜப்பானுக்கோ கொரியாவுக்கோ போகும் கப்பலில் இதே பழக்கம் காலை வாரிவிடும்.

இன்னொன்று. சூரியனைக் கணக்கிட்டால் பினாங்குக்கும் பூக்கெட்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 8 நிமிடம்தான். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றுவதற்காகக் கடிகாரத்தை அரை மணி முன்னுக்கு வைத்ததால், அதுவரை அரை மணியாக இருந்த இடைவெளி முழு ஒரு மணியானது. அதற்கு முந்தைய நாள், டிசம்பர் 31 இரவு 11.30ஐ 12 ஆக்கியது நினைவிருப்பவர்கள் இங்கே சிலராவது இருப்பார்கள்.

பினாங்கு தாதி:
அக்கா, உணவோடு எடுக்கும் மாத்திரை என்றால் கப்பலில் சாப்பிடும் வேளையிலேயே அம்மா எடுத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேர வித்தியாசம் பொதுவாகப் பெரிதல்ல. இன்சுலினும் போடுகிறார் என்றால் மட்டும் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பாத்தோங் கடற்கரைக்கு அப்பால் கப்பல் நங்கூரமிட்டால் சிறு படகில்தான் திரும்ப வேண்டும். அங்கே வரிசை நீளும். 5 மணியைப் பார்க்காதீர்கள், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேளுங்கள்.