பின்சக்கரம் சுற்றாத பழைய புல்லட்: அம்பத்தூரிலிருந்து தென்காசிக்கு எப்படிக் கொண்டுபோவது?

சாரல்காற்று:

வணக்கம். இந்த மாதக் கடைசியில் அம்பத்தூர் வீட்டைக் காலிசெய்துவிட்டு ஊருக்கே, தென்காசிக்கே போய்விடுகிறோம். சாமான்களுக்கு 14 அடி லாரி பேசியாகிவிட்டது. தீர்வு தெரியாமல் நிற்பது அப்பாவின் புல்லட் 350 ஒன்றுதான். 1986 மாடல், வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக். அப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து மாடிப்படிக்கு அடியில் சென்டர் ஸ்டாண்டிலேயே நிற்கிறது.

நேற்று நானும் தம்பியும் வெளியே எடுக்கப் பார்த்தோம். முன்சக்கரம் சுற்றுகிறது, காற்றுதான் இல்லை. பின்சக்கரம் அசையவே இல்லை. கிக்கரை மிதித்தால் பாறையை மிதித்த மாதிரி இருக்கிறது. கிளட்ச் பிடித்தும் பார்த்துவிட்டோம், அதே கதைதான். டேங்கில் கால்வாசி பெட்ரோல் கிடக்கிறது.

ரயிலில் அனுப்பலாமா, சாமான் லாரியிலேயே ஏற்றலாமா, தனியாகக் குட்டியானை பிடிக்கலாமா? இங்கேயே விற்றுவிடலாம் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். டேங்கின் இரண்டு பக்கமும் அப்பாவின் முழங்கால் உரசி உரசிப் பெயின்ட் மங்கிய இடம் இருக்கிறது. அதன்மேல் புதிய கீறல் ஒன்றுகூட விழாமல் ஊர் போய்ச் சேர வேண்டும்.

பார்சல்_அனுபவம்:

ரயிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எழும்பூர் பார்சல் ஆபீசில் பதியலாம். ஆர்.சி. நகல், உங்கள் அடையாள அட்டை நகல் வேண்டும். அதே ரயிலில் டிக்கெட் எடுத்து நீங்களும் போனால் லக்கேஜ், இல்லையென்றால் பார்சல். டேங்கில் சொட்டுப் பெட்ரோல்கூட இருக்கக் கூடாது. எரிபொருளோடு வண்டியை ரயிலில் ஏற்றுவது ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவின்படி குற்றம், மூன்று வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. வைக்கோலும் சாக்கும் சுற்றிக் கட்டித் தர ஸ்டேஷன் வாசலிலேயே ஆட்கள் இருப்பார்கள். டேங்க், ஹெட்லைட், இண்டிகேட்டர் மூன்றையும் பக்கத்தில் நின்று பார்த்துக் கட்டச் சொல்லுங்கள்.

பொதிகை எக்ஸ்பிரஸ் செங்கோட்டையோடு முடிகிறது. தென்காசிக்குப் பதியாமல் செங்கோட்டைக்கே பதியுங்கள். நடுவில் ரயில் சில நிமிடம்தான் நிற்கும், அந்த அவசரத்தில் இறக்கும்போதுதான் வண்டி அடிபடும். இறங்கிய பிறகு உடனே போய் எடுத்துவிடுங்கள், இலவச நேரம் தாண்டினால் கிடங்குக் கட்டணம் ஏறும்.

ஆனால் தம்பி, பிளாட்பாரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். சக்கரம் சுற்றாத வண்டியை இழுத்துப் புரட்டுவார்கள். முதலில் அதைச் சரி செய்யாமல் ரயில் பக்கம் போகாதீர்கள்.

ஸ்பேனர்_12_13:

எதில் ஏற்றினாலும் சக்கரம் சுற்றியாக வேண்டும். 160 கிலோவுக்கு மேல் எடை. நாலு பேர் தூக்கலாம் என்பார்கள், படியில் ஒருவர் கால் தவறினால் போதும்.

ஒரு சோதனை செய்யுங்கள் சார். சென்டர் ஸ்டாண்டில் இருக்கும்போதே பின்டயரைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இரண்டு விரல் அளவு ஆடி "டக்" என்று நின்றால் வண்டி கியரில் இருக்கிறது, பிடித்து வைத்திருப்பது இன்ஜின். ஒரு நூல்கூட ஆடவில்லை என்றால் பிரேக் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது.

கிக்கர் இறங்கவில்லை என்பதால் பிஸ்டன் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். கியரும் விழுந்து பின்சக்கரமும் பூட்டியிருந்தால் கிக்கருக்குச் சுற்ற வழியே இல்லை. கிக்கர்மேல் மட்டும் ஏறிக் குதிக்காதீர்கள்.

சாரல்காற்று:

ஆட்டிப் பார்த்தேன் அண்ணா. ஒரு நூல்கூட ஆடவில்லை.

ஸ்பேனர்_12_13:

அப்போ முதல் பூட்டு பிரேக்தான். பிரேக் ராடின் கடைசியில் இருக்கும் நட்டை முழுதாகக் கழற்றி ராடை விடுவியுங்கள். டிரம்மில் இருக்கும் பிரேக் லீவரைக் கையால் பின்னுக்குத் தள்ளுங்கள். பிறகு டிரம்மின் விளிம்பைச் சுற்றி ரப்பர் சுத்தியலால், இல்லையென்றால் மரக்கட்டை வைத்து, மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இரண்டு தட்டு, ஒரு ஆட்டு, அவ்வளவு போதும். துரு விடட்டும் என்று உள்ளே எண்ணெய் அடிக்காதீர்கள், ஷூ வீணாகிவிடும். உள்ளிருந்து கொட்டும் தூளை வாயால் ஊதவும் வேண்டாம். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

சாரல்காற்று:

விட்டுவிட்டது! இருபது நிமிடம் தட்டினோம், "படக்" என்று ஒரு சத்தம். ஆனால் இப்போது நீங்கள் சொன்ன மாதிரி இரண்டு விரல் ஆடி நிற்கிறது. கிளட்ச் பிடித்தும் அப்படியேதான்.

ஸ்பேனர்_12_13:

கிளட்ச் பிளேட்டுகளும் ஒட்டியிருக்கின்றன, ஆறு வருடத்தில் அது சகஜம். கியர்பாக்ஸில் கியர் லீவருக்குப் பக்கத்திலேயே குதிகாலால் அழுத்துகிற சின்ன லீவர் ஒன்று இருக்கும். நியூட்ரல் லீவர். அதை அழுத்திக்கொண்டே சக்கரத்தை லேசாக ஆட்டுங்கள். இரண்டாவது, மூன்றாவது, நாலாவதில் இருந்தால் நியூட்ரலுக்கு வந்துவிடும். முதல் கியரில் இருந்தால் அந்த லீவர் உதவாது.

அதிலும் வரவில்லை என்றால் செயினைக் கழற்றிவிடுங்கள். செயின் லாக் எங்கே இருக்கிறதென்று பார்த்து, கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தால் செயின் கையோடு வந்துவிடும். அதற்கப்புறம் இன்ஜின் எந்த நிலையில் இருந்தாலும் சக்கரத்துக்குக் கவலையில்லை. கிளிப், பின், தகடு மூன்றையும் காகிதத்தில் மடித்து உங்கள் சட்டைப்பையில் வையுங்கள், லாரியில் போடாதீர்கள்.

கையோடு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மூடிவிடுங்கள். ஊர் போய்ச் சேரும்வரை ஊறட்டும்.

மூன்றுமுறை_வீடுமாறியவன்:

லாரியா ரயிலா என்பதற்கு என் பதில்: ஏற்கெனவே பேசிய லாரியிலேயே ஏற்றுங்கள். நடுவில் கைமாறாது. குட்டியானையிலும் வண்டி தாராளமாகக் கொள்ளும், ஆனால் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு பைக்குக்காகத் தனி வாடகை கட்டுபடியாகாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன முறை வீடு மாறியபோது சாமான் ஏற்ற வந்தவர்கள் பைக்கைக் கடைசியில், கதவோரம், சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கயிற்றை ஹேண்டிலில் சுற்றினார்கள். நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் கயிறு தளர்ந்து, இரும்புக் கட்டில் கால் டேங்கில் குத்திவிட்டது. சாமான் பட்டியலில் பைக்கின் நிலை பற்றி ஒரு வரி இல்லை, அதனால் கேட்கவும் முடியவில்லை.

ஆகவே பைக்தான் முதலில் ஏற வேண்டும். டயர்களில் காற்றடித்துக்கொள்ளுங்கள். லாரியைத் தாழ்வாரமோ மேடோ இருக்கும் இடத்தில் பின்னால் ஒட்டி நிறுத்தச் சொன்னால் பலகையின் சரிவு பாதியாகக் குறையும். பலகை வழுக்காமல் இருக்கச் சாக்கை நனைத்து விரியுங்கள். ஒருவர் ஹேண்டில், இரண்டு பேர் பின்னால், ஒருவர் பக்கவாட்டில். பின்பிரேக்கைக் கழற்றியிருக்கிறீர்கள், அதனால் ஹேண்டில் பிடிப்பவர் முன்பிரேக் வேலை செய்கிறதா என்று கீழேயே பார்த்துக்கொள்ளட்டும்.

முன்சக்கரம் கேபின் பக்கத்து மூலையில் முட்டி நிற்கட்டும். ஸ்டாண்ட் எதுவும் வேண்டாம், வண்டி இரண்டு சக்கரத்தில் நிற்க வேண்டும். கயிறு வேண்டாம், கைப்பிடியை ஆட்டி இறுக்குகிற ராட்செட் பெல்ட் நாலு வாங்குங்கள். முன்னால் இரண்டு பெல்ட், ஹேண்டிலில் மாட்டாமல், ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) மேல்பிடிக்கு அடியில் இருபக்கமும். ஃபோர்க் பாதி அமுங்கும்வரை இறுக்கினால் போதும், முழுதாக அமுக்கினால் ஆயில் சீல் போய்விடும். பின்னால் இரண்டு, ஃபிரேமில். பெல்ட் உரசும் இடத்தில் பழைய துண்டு. டேங்கைச் சுற்றி உங்கள் வீட்டு மெத்தையையே வைத்துக் கட்டிவிடுங்கள். கிளம்பி முதல் ஐம்பது கிலோமீட்டரில் ஒருதடவை நிறுத்தி பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்ரோலை முந்தின நாளே திறந்த வெளியில் வடித்துவிடுங்கள், கார்புரேட்டரில் நிற்பதையும் சேர்த்து. பேட்டரி இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுத்து, லாரிக்காரரின் பட்டியலில் வண்டி எண்ணோடு தனி வரியாக எழுத வையுங்கள்.

சாரல்காற்று:

நேற்று விடியற்காலை வந்து சேர்ந்தோம். நியூட்ரல் லீவரில் வரவில்லை, முதல் கியர்தான் போலிருக்கிறது. செயினைக் கழற்றினோம். அதற்கப்புறம் அம்மாகூட ஒரு கையால் தள்ளினார்கள். விழுப்புரம் போகும் முன்பே நிறுத்திப் பார்த்தபோது முன் பெல்ட் ஒன்று நிஜமாகவே தளர்ந்திருந்தது. டேங்க் அப்படியே இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. இனி எங்கே போக வேண்டும்?

பார்சல்_அனுபவம்:

ஒரே மாநிலம், தடையில்லாச் சான்றுக்கு வேலையில்லை. வாரிசுப் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அம்மாவின் சம்மதம் எல்லாம் எடுத்துக்கொண்டு தென்காசி ஆர்.டி.ஓ. ஆபீஸ் போங்கள். பதிவு காலாவதி ஆகியிருந்தால் புதுப்பிக்கப் படிவம் 25. அதற்கு வண்டியை நேரில் காட்ட வேண்டும், அதனால் முதலில் இன்ஜினைப் பாருங்கள்.

சாரல்காற்று:

செயின் கிளிப் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது அண்ணா. தென்காசி, செங்கோட்டை பக்கம் பழைய புல்லட் பார்க்கிற கை தெரிந்தவர் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.